ஒற்றை அடுக்கில் வந்த லூப்

"அக்கா, இதுலயும் லூப் வருதுக்கா."

செல்வராணி இதைச் சொன்னபோது காலை பத்தரை மணி. நான் பம்ப்புக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். அந்த லூப்புக்காகத்தான் அவள் ஆறு வருஷமாக வில்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள். அது வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டியதுதானே, இவள் ஏன் இழவு வீட்டுக்காரி மாதிரி நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சல்.

"வந்தா வரட்டும். அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இது ரெண்டு லேயர் இல்லக்கா. ஒத்த லேயர்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஒற்றை அடுக்கில் லூப் வரக் கூடாது. வந்தால், இரண்டு அடுக்கில் வந்ததும் பொய்.

1. ஏலாதக்கா

என் பெயர் மல்லிகா. கொடைக்கானலில் ஒரு சின்ன பிசிக்ஸ் ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து டெக்னிக்கல் ஆபீசராக ஓய்வு பெற்றேன். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் மற்றவர்கள் 'முடியாது' என்கிற இடத்தில் எனக்கு 'ஏலாது' என்றுதான் வாயில் வரும். ஸ்காலர்கள் எதைக் கேட்டாலும் முதலில் ஏலாது என்பேன், மறுநாள் செய்து கொடுத்துவிடுவேன். லேபில் எனக்குப் பட்டப்பெயரே ஏலாதக்கா. எனக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வேக்குவம் பம்ப், கிளவ் பாக்ஸ், கேஸ் லைன், எல்லாம் என் பொறுப்பு. கிளவ் பாக்ஸ் என்றால் காற்று புகாத ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே சுத்தமான நைட்ரஜன் இருக்கும். முன்பக்கம் இரண்டு ரப்பர் கையுறைகள். வெளியே நின்றபடி அதில் கையை நுழைத்து உள்ளே வேலை செய்ய வேண்டும். பக்கவாட்டில் ஒரு சின்ன அறை உண்டு. எந்தப் பொருளும் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அந்த அறையின் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி, நைட்ரஜன் நிரப்பி, மறுபடி உறிஞ்சி, இப்படி மூன்று தடவை 'பர்ஜ்' செய்த பிறகுதான் உள்கதவைத் திறப்போம். மலையில் வருஷத்தில் பாதி நாள் பனி ஜன்னலைத் திறந்தாலே உள்ளே வந்து உட்காரும். அந்த ஊரில் ஈரம் படக் கூடாத பொருளை வைத்து வேலை செய்வது எப்படிப்பட்ட சோலி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2. உலோகத்துக்குள் ஒளிய இடமில்லை

செல்வராணியின் பொருள் டங்ஸ்டன் டைடெல்லூரைடு. பளபளவென்று இருக்கும் ஒரு படிகம். மின்சாரம் கடத்துவதில் உலோகம் மாதிரி. அதை ஒட்டும் டேப்பில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி, மறுபடி உரித்தால் கடைசியில் அணு கனத்தில் இரண்டே அடுக்கு உள்ள செதில்கள் கிடைக்கும். நம்ப மாட்டீர்கள், உலகம் முழுக்க இந்தச் சோலியைப் பலர் இன்றைக்கும் டேப்பை வைத்துத்தான் செய்கிறார்கள்.

ஃபெர்ரோஎலெக்ட்ரிக் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. அதற்குள் பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் ஒரு பக்கமுமாக ஒதுங்கி நிற்கும். வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்தால் மேலும் கீழும் இடம் மாறும். வோல்டேஜை எடுத்துவிட்டாலும் மாறிய நிலையிலேயே நிற்கும். ஆகவே வோல்டேஜை ஏற்றிக்கொண்டு போகும்போது கிராஃப் ஒரு வழியில் போகும், இறக்கும்போது வேறு வழியில் திரும்பும். நடுவில் ஒரு இடைவெளி விழும். அதுதான் லூப்.

உலோகத்தில் இது நடக்காது என்பதுதான் பாடப்புத்தகம். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கூட்டமாகத் திரிகின்றன. எங்கே பிளஸ் தலைகாட்டினாலும் ஓடிப் போய் மூடிவிடும். ஆனால் உலோகம் இரண்டே அடுக்கு என்றால்? மேலும் கீழும் ஓட எலெக்ட்ரானுக்கு இடம் ஏது? மூட முடியாமல் நிற்கும். மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மேல் துளி நகர்ந்தாலே பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிடும். இதை வெளிநாட்டில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். எங்கள் லேபில் வளர்த்த படிகத்தில், ஹீலியம் விட்டுக் குளிர வைக்காமல், சாதாரண அறை வெப்பத்தில் அது வருகிறதா என்பது செல்வராணியின் தீசிஸ்.

ஒற்றை அடுக்குக்கு நகர்வதற்குத் துணை கிடையாது. அதனால் அதில் இந்த லூப் வரவே கூடாது.

3. அவசரம் யாருக்கு

எங்கள் புரொஃபசர் ஜெயசீலன் சார். நல்ல மனுஷர், கொஞ்சம் பறக்கிற ஆள். இரண்டு அடுக்கில் கொழுத்த லூப் ஒன்று வந்ததும் பேப்பரை எழுதி முடித்துவிட்டார். திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது. செல்வராணிக்கோ பிஎச்.டி. பதிவுக் காலம் டிசம்பரில் முடிகிறது. அதற்குள் தீசிஸ் போகாவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷமும் தண்ணீரில் எழுதியது போல. அப்போது ஜூன்.

அந்த நிலையில்தான் அவள், "அனுப்புறதுக்கு முன்னாடி ஒத்த லேயர் ஒண்ணு செஞ்சு பாத்துர்றேன் சார்" என்றாள். சார் அரை மனதாகத் தலையாட்டினார். நான் அதுகூடச் செய்யவில்லை. "கல்யாணப் பந்தல்ல நின்னுக்கிட்டு மாப்பிள்ளைக்கு ஜாதகம் பாக்குறியா?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செய்தாள். லூப் வந்தது.

சார் திரையைப் பார்த்தார். "மைக்ராஸ்கோப்புல கலரைப் பாத்து லேயரத் தப்பா எண்ணியிருப்பம்மா. இட் மைட் பி எ பைலேயர்."

"ரெண்டு விதத்துல செக் பண்ணிட்டேன் சார். ஒத்த லேயர்தான்."

"சரி, இன்னொண்ணு செய். வெரசா செய்."

செய்தாள். அதிலும் லூப். சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பேப்பர் போகாது" என்றார்.

4. 0.6 போதும்

ஒற்றை அடுக்கிலும் லூப் வருகிறதென்றால் அது டங்ஸ்டன் படிகத்திலிருந்து வரவில்லை. வேறு ஏதோ ஒன்று செதிலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு சார்ஜைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அப்படிச் செய்யக்கூடிய முதல் ஆள் ஈரம். ஈரம் என்றால் கிளவ் பாக்ஸ். கிளவ் பாக்ஸ் என்றால் நான்.

செல்வராணி நேராக அந்தச் சின்ன அறையின் கேஜ் முன்னால் போய் நின்றாள். வெளிக்காற்றை சைபராக வைத்து, எவ்வளவு காற்றை உறிஞ்சியிருக்கிறோம் என்று முள் காட்டும் மீட்டர் அது; கடல்மட்டத்தில் முழுக்க உறிஞ்சினால் ஒன்று காட்டும். மீட்டர் முகத்தில் என் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: '0.6 போதும்'.

"அக்கா, இது யாரு போட்டது?"

"நாந்தான். ஏன்?"

"0.6 போதும்னு எப்படிக்கா முடிவு பண்ணீங்க?"

"மலைல அம்புட்டுத்தான்டி வரும். கீழ வத்தலக்குண்டுல இருந்தா ஒண்ணு வரைக்கும் எறங்கும். இங்க காத்தே கம்மி. பருப்பு வேக நாலு விசில் கூட வைக்கிறோம்ல, அதே மாதிரி."

அவள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். எங்கள் ஊர் உயரத்துக்குக் காற்றின் அழுத்தம் எவ்வளவு, முழுக்க உறிஞ்சினால் முள் எங்கே நிற்க வேண்டும். 0.78 வந்தது.

"மலைக்குக் கழிச்சது போக 0.78 வரணும்க்கா. 0.6 வரைக்கும்தான் வருதுன்னா கால்வாசிக் காத்து உள்ளயே கெடக்கு. மூணு தடவ பர்ஜ் பண்ணுனாலும் மிச்சம் நிக்கும்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவள் பிறப்பதற்கு முன்பே பம்ப் பிரித்துப் பூட்டியவள் நான். "எனக்குப் பம்ப் ஓட்டக் கத்துக் குடுக்குறியா? உன் சாம்பிள் ஒழுங்கில்லன்னா என் பாக்ஸக் கொற சொல்லுவியா? ஏலாதுடி, இந்தப் பேச்சு என்கிட்ட ஏலாது" என்று கத்தினேன். பக்கத்து ரூமிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். கத்தினாலும் கணக்கு மாறாது என்று எனக்குத் தெரியும். அந்த முள் ஆரம்பத்தில் எங்கே நின்றது என்பதும் எனக்கு நினைவிருந்தது. பாக்ஸ் வந்த புதிதில் 0.77 வரை போகும். பிறகு 0.75. மலை என்றேன். பிறகு 0.7. மழைக்காலம் என்றேன். கடைசியில் 0.6. தினமும் ஸ்காலர்கள் வந்து "அக்கா, முள்ளு போகல" என்று நச்சரித்ததால் ஸ்டிக்கர் ஒட்டினேன். மலை என்ன வருஷா வருஷம் உயரமாகவா வளர்ந்தது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

5. கோழிக் கொட்டகைப் பல்பு

பாக்ஸின் ஈரம் காட்டும் மீட்டர் பழுதாகி, ரிப்பேருக்குக் கீழே போய் மாதக் கணக்காகியிருந்தது. அது இல்லாமலே சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒரு குண்டு பல்பின் கண்ணாடியை மட்டும் உடைத்து, உள்கம்பி அறுந்துபோகாமல் பாக்ஸுக்குள் வைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் சுத்தமாக இருந்தால் கம்பி நாள் கணக்கில் எரியும். காற்றோ ஈரமோ இருந்தால் உடனே கருகிவிடும்.

மறுநாள் வெள்ளனே கிளம்பி ஏரிப் பக்கம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எல்லாக் கடையிலும் குண்டு பல்பு கேட்டேன். எல்லாரும் எல்இடியை எடுத்து நீட்டினார்கள். ஒரு கடைக்காரர், "எந்தக் காலத்துல இருக்கீங்கம்மா?" என்று சிரித்தார்.

வெறுங்கையோடு லேபுக்கு வந்தேன். செல்வராணியிடம் பேச வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். "ஏய், குண்டு பல்பு எங்கயாச்சும் கெடைக்குமா?"

எதற்கு என்று கேட்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. "எங்க சித்தப்பா கோழிக் கொட்டகைல இருக்குக்கா. குஞ்சுகளுக்குச் சூடு வேணும்ல, எல்இடி போட்டா வெறச்சுச் செத்துரும்."

மதியத்துக்குள் சித்தப்பாவே ஜீப்பில் ஒரு அட்டைப்பெட்டி பல்போடு வந்து இறங்கினார். "பெரிய படிப்புப் படிக்கிற எடத்துக்குக் கோழிக் கொட்டகைப் பல்பு எதுக்குங்க?" என்று கேட்டார்.

"உங்க புள்ள படிப்பே இதுலதாங்க தொங்குது" என்றேன். அவர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் இரண்டு பல்பை உடைக்கும்போது கம்பி அறுந்துபோனது. மூன்றாவதைக் காய்ந்த துணியில் சுற்றி, நோகாமல் தட்டி உடைத்தேன். சின்ன அறையில் வைத்து, என் ஸ்டிக்கர் சொன்னபடியே 0.6 வரை மூன்று தடவை உறிஞ்சி, உள்ளே கொண்டுபோனோம். சாரும் வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன்.

பளிச்சென்று எரிந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கம்பியிலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை நூலாக எழுந்தது. பல்பு செத்துவிட்டது. கண்ணாடிக்குள் அந்தப் புகை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

6. பச்சை நூல்

அன்றே பம்பைப் பிரித்தேன். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது, அவ்வளவு ஈரம் குடித்திருந்தது. சின்ன அறையின் வெளிக்கதவு ரப்பர் வளையத்தை மெல்ல உருவி எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தில் குறுக்காக ஒரு நூல் அழுந்திப் பதிந்திருந்தது. கம்பளி நூல். பச்சை.

லேபில் பச்சை ஸ்வெட்டர் போடுகிற ஆள் ஒருத்திதான். அதை அப்போதும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கொடைக்கானலில் பிறந்தவர்களுக்கு ஸ்வெட்டர் உடம்போடு பிறந்த தோல் மாதிரி. எந்தச் சுத்தமான வேலைக்கும் அதைக் கழற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றாது. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற லேபில் யாருக்கும் இந்தத் தப்புச் செய்ய வழியே இல்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கை வளையத்தின் மேல் உரசியிருக்கிறது. ஒரு நாள் ஒரு நூல் தங்கிவிட்டது. முடி கனமுள்ள நூல் போதும், காற்றுக்கு அது ராஜபாட்டை. எண்ணெய் பாதி, நூல் பாதி, இரண்டையும் ஸ்டிக்கர் ஒட்டி நானே மூடி வைத்திருந்தேன்.

நூலை ஒரு டிஷ்யூ பேப்பரில் வைத்து சாரிடம் கொண்டுபோனேன். செல்வராணியும் அங்கே இருந்தாள்.

"சார், தப்பு என்னோடது. இவ சாம்பிள்ல கொறையே இல்ல. நேத்து இவளத் திட்டுனதும் தப்பு."

சார் நூலைப் பார்த்தார். "ஃபிக்ஸ் பண்ண எவ்ளோ நாளாகும் மல்லிகா?"

"பாக்ஸ் ஒரு மாசத்துல சுத்தமாயிரும் சார்."

"டிசம்பருக்குள்ள மறுபடி மொதல்லேர்ந்து எல்லா சாம்பிளும் செய்யணும். பண்ண முடியுமா?" என்று செல்வராணியைக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "ஏலும் சார்."

அந்த வார்த்தையை நான் கேட்டவுடன் சொன்னது அதுவே முதல் தடவை. செல்வராணி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள்.

7. ஸ்வெட்டர் இல்லாத மழைக்காலம்

பம்ப் எண்ணெய் மாற்றினோம். வளையம் புதிது போட்டோம். முள் 0.77க்குப் போய் நின்றது. நைட்ரஜனை விட்டு விட்டு அலசினோம். பல்பு முதலில் ஒரு நிமிஷம் எரிந்தது, அடுத்த வாரம் ஒரு மணி நேரம். ஜூலைக் கடைசியில் காலையில் போட்டது மாலை வரை எரிந்தது, மறுநாளும் எரிந்தது. அதற்குப் பிறகுதான் செல்வராணி டேப்பைத் தொட்டாள்.

கிளவ் பாக்ஸ் ரூமுக்குள் கம்பளி கூடாது என்று சட்டம் போட்டோம். வாசலில் ஒரு ஆணி அடித்து, ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா எல்லாவற்றையும் அதில் மாட்டிவிட்டுப் பருத்திக் கோட்டோடுதான் உள்ளே போக வேண்டும். ஹீட்டரும் போட முடியாது, தூசி கிளம்பும். ஐப்பசி மழையில் பல் கிட்டிக்கொண்டது. கையுறைக்குள் விரல் விறைத்துப் போய்ச் செதிலை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க முடியாமல், செல்வராணி வெளியே வந்து டீ டம்ளரைப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போவாள். பதினோரு செதில் வீணாயிற்று. ஒரு தடவை கரண்ட் போய், ஓடிக்கொண்டிருந்த அளவீடு பாதியில் நின்றது. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான்தான் மின்வாரியத்தையும் மழையையும் சேர்த்துத் திட்டினேன்.

நவம்பர் நடுவில் ஒற்றை அடுக்கு தயாரானது. காலையில் அளவீட்டைத் தொடங்கினோம். போன கோடும் வந்த கோடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன. லூப் இல்லை. ஒன்றும் இல்லாத கிராஃபைப் பார்த்து இரண்டு பெண்பிள்ளைகள் கட்டிப் பிடித்துக்கொண்டதை சார் வாசலில் நின்று விநோதமாகப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து இரண்டு அடுக்கு. லூப் வந்தது. பழைய லூப்பில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது, ஒல்லியாக, வெட்கப்படுவது போல. எனக்குத் திக்கென்றது. ஆனால் அவள் வோல்டேஜை வேகமாக ஏற்றி இறக்கினாள், அதே லூப். மெதுவாகச் செய்தாள், அதே லூப். வெயில் நாளிலும் அதே, பனி மூடிய நாளிலும் அதே. பழையது அப்படி இல்லை, ஒரு நாள் போல ஒரு நாள் இருந்ததில்லை.

டிசம்பரில் பதிவு முடிய நாலு நாள் இருக்கும்போது தீசிஸ் போனது. பொய் லூப்பைப் பற்றி அதில் ஒரு தனி அதிகாரம் எழுதியிருந்தாள். கம்பளி நூல், 0.6 எல்லாம் உண்டு. "உங்க பேரு வேணாம்க்கா" என்றாள். "போடு. என் கையெழுத்துலதான் ஸ்டிக்கர் இருந்துச்சு" என்று சண்டை போட்டுப் போட வைத்தேன்.

8. வைவா

வைவாவுக்கு வந்த எக்ஸாமினர் மதுரைப் பக்கத்துக்காரர், பேச்சில் கறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு கிராஃபையும் பக்கம் பக்கமாக வைக்கச் சொன்னார்.

"ஏம்மா, மொத லூப் இம்புட்டுப் பெருசா இருக்கு. ஆறு மாசம் கஷ்டப்பட்டு இந்தத் துக்கடாவக் கொண்டாந்திருக்கீங்க. பெருசச் சின்னதாக்குனதுக்காம்மா டாக்டர் பட்டம் குடுக்கணும்?"

ஹாலில் ஒரு சிரிப்பு ஓடியது. செல்வராணி மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"பெருசா வந்தது தண்ணி சார். இந்தத் துக்கடாதான் உலோகம்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அன்று முதல் அவள் டாக்டர் செல்வராணி.

புதிதாக லேபுக்குள் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் எந்த ஊரில் வேலை செய்தாலும் அந்த ஊருக்கென்று ஒரு குறை இருக்கும். ஒரு ஊரில் உப்புக்காற்று, ஒரு ஊரில் தூசி, எங்கள் ஊரில் உயரம். அந்தக் குறை எவ்வளவு என்று முதல் நாளே கணக்குப் போட்டு எழுதிவைத்துவிடுங்கள். எங்கள் மலை எடுத்துக்கொண்டது 0.22 மட்டும்தான். மீதி எல்லாம் நான் எடுத்தது.